பாகம்

முதிரையைக் கிண்ணியாவில் கடைந்து
சோற்றுப் பார்சல்போல் பேப்பரில் சுற்றி
பஸ்ஸில் கொடுத்துவிடுவார் நிஸ்தார்.
கண்டக்டருக்கு நூறு ரூபா.
உவர்மலையில் நான் அவிழ்க்கும்போது
சுங்கான் இன்னும் சூடாக இருக்கும்.
கடைசல் சூடா, என்ஜின்மேல் வைத்த சூடா,
கேட்டதில்லை.

என் மெசின் சிறியது.
இடியப்பத் தட்டு நாலு வைக்கலாம், அவ்வளவுதான் அகலம்.
ஐந்து வாட் லேசர். ஊதா ஒளி.
செம்மஞ்சள் கண்ணாடி போட்டால் அந்த ஊதாவும் இல்லை,
ஒரு புள்ளி மட்டும்
சீனி சிந்திய இடத்தில் எறும்பாக
போகும், வரும்.
மேல்வீட்டு ரஞ்சிதமலர் அக்கா
சாம்பிராணியா என்று கேட்பாள்.
ஓம் என்பேன்.

தட்டைப் பலகைக்கென்று செய்த ஒளி.
சுங்கானின் வயிறோ உருண்டை.
உச்சியில் மயிரிழையாய் விழும் கோடு
சரிவில் இறங்கியதும்
ஈரத்தாளில் பட்ட மைபோலத் தடிக்கும்.
பழைய பிரிண்டரின் உருளை இரண்டைப் பூட்டி
சுங்கானைத் திருப்பப் பழகுவதற்குள்
ஆறு சுங்கான் பாழ்.
உப்புவெளி ஹோட்டல்காரர் மான் கேட்டார்.
ஆடு வந்தது.
நிஸ்தாருக்கு இன்னும் சொல்லவில்லை.

இழுவைப்படகு மாஸ்டர் கஸ்பார் சூசைப்பிள்ளை
துறைமுகப் படத்தோடு வந்தார்,
மடிப்பெல்லாம் டேப் ஒட்டிய படம்.
"இந்த ஆழக்கோடு முழுக்க இதைச் சுத்தி வரோணும், பிள்ளை.
நம்பரும் வேணும். பாகத்தில."
நிறையப் புகைப்பீங்களோ என்றேன்.
"விட்டுப் பதினொரு வருசம்.
இது பல்லுக்கு.
கப்பலை இழுக்கேக்க
எதையாவது கடிச்சுக்கொண்டு நிக்கோணும்."

மூன்று இரவு படத்தைக் கீறினேன்.
கரைக்கு மெல்லிய வலு,
உள்ளே போகப்போகக் கூட்டி.
முதிரைக்குள்ளும் ஒரு கடல் கிடந்தது.
மெது வரியில் ஒளி அமிழ்ந்தது,
வைர வரியில் வழுக்கியது.
நான் எட்டுப் பாகம் எழுதிய இடத்தில்
மரம் மூன்று என்றது.

சோபர் தீவைச் சுற்றும்போது
கரண்ட் போனது.
மெசினுக்கு ஞாபகம் கிடையாது.
கரண்ட் வந்ததும்
தான் எங்கே நின்றதென்று தெரியாமல்
மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.
கண்மட்டத்தால் பொருத்தி மறுபடி விட்டேன்.
அரை மில்லிமீட்டர் பிசகு.
தீவுக்கு இரண்டு கரை.

டேப்பை நகத்தால் உரித்து
கரியைப் பல்பிரஷால் தட்டி
தேன்மெழுகு பூசி
பிழையைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினேன்.
அவர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.
மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி
"இது ஏழில்லை, ஒன்பது" என்றார்.
படத்தில் ஏழுதானே என்றேன்.
"படத்தில."
ஐந்நூறு குறைத்துத் தந்தார்.

மாரி முடிய,
மெழுகு மங்கிப் போச்சென்று கொண்டுவந்தார்.
வாய்நுனியில் மேலே இரண்டு, கீழே ஒன்று
பல் இறங்கிய குழிகள்.
கலிப்பரை வைத்துப் பார்த்தேன்.
நான் வெட்டிய எந்தக் கோட்டையும்விட ஆழம்.

துடைக்கக் கவிழ்த்தேன்.
அடியில் கொஞ்சம் சாம்பல்,
ஒரேயொரு தடவைக்குரிய அளவு.
முதிரை கருகிய மணம் எனக்குப் பழக்கம்.
இது அதில்லை.

எந்த இரவு,
எந்தக் கப்பல்,
கேட்கவில்லை.
அவர் யன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்,
அங்கே பார்க்க ஒன்றுமில்லாதபோதும்.
மெழுகைத் தேய்த்தேன்,
இரண்டு கரையிலும்
ஏழென்று நிற்கும் ஒன்பதிலும்.
பல்குழிகளை மட்டும் தொடாமல் விட்டேன்.

எவ்வளவு என்றார்.
ஐந்நூறு என்றேன்.